ஓட்டுக்காட்டுப் பிள்ளைகள்

அர்லெத் மொரிசோவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். பேச்சு நின்றுவிடும். காது மடல் சிவந்துவிடும். பிரிசே ஊரில் அவளோடு பழகியவர்களுக்கு அந்தக் காதைப் பார்த்தாலே போதும், பேச்சை மாற்றிவிடுவார்கள். புறவழிச்சாலை வேலை தொடங்கிய வருடத்தில் அந்தக் காது வெளுத்த நாளே இல்லை என்று அவள் கணவன் லூசியான் சொல்வான். அதில் பெரிய மிகை ஒன்றும் இல்லை.

சாலை வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பட்டணத்துக்கு வெளியே பெரிய சரக்குக் கிடங்கு வந்ததிலிருந்து பிரிசேயின் ஒற்றைத் தெருவில் லாரி மேல் லாரியாக ஓடியது. ரொட்டிக்கடைச் சுவரில் இரண்டு முறை மோதிவிட்டார்கள். தெருவோரத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பல மாதம் ஆகியிருந்தது. சாலை வரட்டும், கைவிடப்பட்ட பழைய ரயில் பாதை சும்மாதானே கிடக்கிறது, அதன் மேலேயே போடுங்கள் என்றுதான் அவள் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று சொன்னாள். அதிகாரிகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வரைபடத்தை விரித்தார்கள். கோடு நேராக அவளுடைய ஓட்டுக்காட்டின் நடுவில் போனது.

அவள் அப்பா வைத்த பெயர் அல்ல அது. அவருக்கு முந்தியவர்களும் அந்த நிலத்தை ஓட்டுக்காடு என்றுதான் சொன்னார்கள். எப்போது உழுதாலும் கொழு முனையில் சிவப்பு ஓட்டாஞ்சல்லி கிளம்பும். பக்கத்து நிலமெல்லாம் களிமண்ணாகப் பூட்ஸைப் பிடித்து இழுக்கும்போது இது மட்டும் மழைக்கு மறுநாளே காலைத் தாங்கும். அவர்களிடமிருந்த நிலத்திலேயே நல்ல கோதுமை விளைந்தது அங்கேதான். அரசு அதைப் பொது நன்மைக்கு என்று எடுத்துக்கொண்டது. சாலைக்கு அந்தப் பக்கம் நறுக்கிப் போட்ட துண்டு போல ஒரு புல்தரை மட்டும் அவளுக்கு மிஞ்சியது. அதில் கிடேரிகளை விட்டாள். அவற்றைப் பார்க்கிற சாக்கில் தினமும் வேலி ஓரம் வந்து நின்றாள்.

அறுவடை முடிந்ததும் தொல்லியல் குழு வந்து இறங்கியது. பொக்லைன் ஒன்று மேல்மண்ணைத் துணி மடிப்பது போல மெல்ல வழித்துக்கொண்டு போக, பின்னாலேயே மஞ்சள் மேலங்கி போட்ட ஆட்கள் கரணையும் கையுமாகத் தரையில் மண்டியிட்டார்கள். குழுவுக்குத் தலைவி தெல்ஃபின் கெர்வெல்லா என்ற, மேற்குக் கடலோரத்துப் பிரெத்தோன் பெண். நாற்பது வயதிருக்கும், குளிரில் உதடு வெடித்திருந்தது. அர்லெத் வேலிக் கம்பியைத் தாண்டி நேராக அவளிடம் போனாள்.

"குழி தோண்ட வந்தவங்க நீங்கதானா?"

"ஆமா மதாம். சாலை போடறதுக்கு முன்னாடி கீழ என்ன இருக்குன்னு பாத்துடணும். சட்டம் அப்படி."

"கீழ என்ன இருக்குன்னு எங்கப்பாவக் கேட்டிருந்தா ஓசியிலயே சொல்லியிருப்பாரு. ஓட்டாஞ்சல்லி. பொறுக்கிப் பொறுக்கியே அவரு முதுகு போச்சு. மேல என்ன இருந்துச்சுன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. கோதுமை இருந்துச்சு."

"மேல இருந்ததுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது, மதாம் மொரிசோ."

"அப்ப நீயும் அவங்க ஆளுதான்."

"சம்பளம் அவங்க கொடுக்கறாங்க. அதுக்காக அவங்க ஆளுன்னு சொல்லாதீங்க." தெல்ஃபின் கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் கேக்கற அளவு நாள் அவங்க கொடுத்ததே இல்ல. எப்பவும் பாதிதான்."

அந்தப் பதில் அர்லெத்துக்குப் பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கிடேரிகளை எண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த வாரம் ஒரு ஃபிளாஸ்க் நிறையக் காப்பி கொண்டுவந்து வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு, யாருக்கு என்று சொல்லாமலே போனாள்.

இலையுதிர்காலம் முழுக்கத் தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு குடியிருப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ரோமானியர் ஆண்ட காலத்தில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான கால் இனத்தார் குடியிருந்த இடம். கல் அடித்தளம் போட்டு மேலே மரமும் மண்ணும் வைத்துக் கட்டிய சில வீடுகள், அவற்றைச் சுற்றி வாய்க்கால், ஒரு கிணறு, மாட்டுத் தொழுவம், தரையிலிருந்து உயர்த்தித் தூண் மேல் நிறுத்திய தானியக் கொட்டில். தூண்கள் மக்கிப்போய்க் குழிகள் மட்டும் கறுப்பு வட்டங்களாகத் தெரிந்தன.

நவம்பரில் மேயர் எர்வே மொன்னரே பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பார்வையிட வந்தார். அர்லெத்தோடு ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர். புது பூட்ஸ் போட்டிருந்தார். ஓரமாகப் போட்டிருந்த பலகை மேல் நின்றபடியே சுற்றிப் பார்த்தார்.

"மொசைக் தரை எங்க?" என்று கேட்டார்.

"மொசைக் கிடையாது மொசியே. இது பெரிய மனுஷங்க மாளிகை இல்ல. குடியானவங்க இருந்த இடம்" என்றாள் தெல்ஃபின்.

"சிலை, நாணயக் குடம், அந்த மாதிரி?"

"கிணத்துல ஒரு மர வாளி கிடைச்சிருக்கு. அருமையா இருக்கு, வந்து பாருங்க. அப்புறம் தானியக் கொட்டில்."

மொன்னரே பத்திரிகைக்காரரைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். "அதாவது ஒண்ணுமில்ல. இந்த ஒண்ணுமில்லாததுக்காக எங்க ஊரு இன்னொரு குளிர்காலம் லாரிக்கு நடுவுல கிடக்கணும்."

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் அர்லெத் நின்றதைக் கவனிக்கவில்லை.

"எர்வே" என்று அவள் கூப்பிட்டாள். "என் வீடும் அதேதான். ஒரு கிணறு, ஒரு தொழுவம், ஒரு கொட்டில். அப்ப நானும் ஒண்ணுமில்லதானா?"

"அர்லெத், நான் அந்த அர்த்தத்துல சொல்லல."

"உன் தாத்தா வீடும் அதான். அவரு தொழுவத்துல எங்க தாத்தா பால் கறந்திருக்காரு. அங்கேயும் மொசைக் இல்லன்னு சொல்லுவாரு."

பத்திரிகைக்காரர் இருமுவது போலச் சிரிப்பை அடக்கினார். மொன்னரே காரில் ஏறிப் போய்விட்டார். அன்று மாலை முழுக்க அர்லெத்துக்கு மனசு கொதித்துக்கொண்டே இருந்தது. உழுது, மாடு வளர்த்து, தானியம் சேர்த்து வைத்துச் செத்துப்போனவர்கள் இருந்தாலும் ஒன்றுமில்லை, இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. பளிங்குத் தரையில் படுத்து இவர்கள் கொண்டுவந்ததைத் தின்றவன் ஒருவன் இருந்திருந்தால் மட்டும் இங்கே கூடாரம் போட்டுக் கொடி நட்டிருப்பார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் விடாத மழை. ஒருநாள் காலை அவள் வந்தபோது பெரிய வீட்டின் சுவர் ஓரமாகச் சின்னக் கூடாரத் துணி கட்டியிருந்தது. நான்கைந்து பேர் அதற்குக் கீழே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான வம்பு பேச்சு இல்லை. அர்லெத் சேற்றில் இறங்கி நடந்தாள். தெல்ஃபின் எழுந்து எதிரே வந்தாள்.

"மதாம், இது கொஞ்சம்... பாக்கணும்னா பாருங்க. வேணாம்னா வேணாம்."

"என்னது?"

"குழந்தை. பிறந்தப்பவே போனது."

தரையில் அதுவரை வளைந்த ஓடு ஒன்று கவிழ்ந்து கிடந்திருக்கிறது. சாதாரணக் கூரை ஓடு, அர்லெத் வாழ்நாள் முழுக்கக் காலால் எத்தித் தள்ளிய அதே சிவப்பு. அதை இரண்டு கையால் தூக்கி ஓரமாக வைத்திருந்தார்கள். அது மூடியிருந்த இடத்தில் இன்னொரு ஓட்டின் குழிவுக்குள், ஒருக்களித்துப் படுத்தபடி, பறவை எலும்பு போல மெல்லிசாக ஒரு சின்ன உடம்பின் எலும்பு வரிசை. தலை இருந்த இடத்தில் முட்டையோட்டுத் துண்டுகள் மாதிரி.

"இங்க ஏன்?" என்று அர்லெத் கேட்டாள். "இடுகாடு இல்லையா இவங்களுக்கு?"

"பெரியவங்களுக்கு வெளிய, வழி ஓரமா இருந்திருக்கும். பல்லு முளைக்காத பிள்ளைங்கள மட்டும் வீட்டு ஓரத்துலயே வெச்சுக்கிட்டாங்க. பாருங்க, கூரைத் தண்ணி சொட்டற கோடு இது. அதுக்கு உள்பக்கமா, நனையாத மாதிரி. ஏன்னு உறுதியா எங்களால சொல்ல முடியாது."

"உனக்குச் சொல்ல முடியாது" என்றாள் அர்லெத். பிறகு, "எத்தனை?" என்றாள்.

"இதுவரைக்கும் நாலு. சுவர் அந்த மூலை வரைக்கும் போகுது. அங்க இன்னும் கை வெக்கல."

அர்லெத் திரும்பி நடந்தாள். கிடேரிகளைப் பார்க்காமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

திருமணமாகி இரண்டாம் வருடம், முப்பது வருடத்துக்கும் முன்னால், அவள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் எட்டாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். மூச்சில்லாமல் பிறந்தது. ஒரு செவிலி அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனதை அவள் பின்பக்கமாகப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஊசி போட்டுத் தூங்க வைத்தார்கள். கண் விழித்தபோது கட்டிலருகில் தயாராக வைத்திருந்த தொட்டிலும் இல்லை. எங்கே என்று கேட்டாள். "அதையெல்லாம் ஆஸ்பத்திரி பாத்துக்கும்" என்றார்கள். டாக்டர் வந்து, சின்ன வயசுதானே, அடுத்த வருடம் இன்னொன்று என்று கன்னத்தைத் தட்டினார். இன்னொன்று வரவே இல்லை. மூச்சு விடாமல் பிறந்ததற்குப் பெயர் கிடையாது, பிறப்பும் கிடையாது, இறப்பும் கிடையாது என்று அப்போதைய வழக்கம். ஆஸ்பத்திரியின் பின்புறத்தில் ஒரு செங்கல் புகைபோக்கி உண்டு. கழிவுகளை எரிப்பதற்கு. ஒவ்வொரு வியாழனும் சந்தைக்குப் போகும் வழியில் அது தெரியும். அர்லெத் ஒரு கட்டத்துக்குப் பிறகு சுற்று வழியில் சந்தைக்குப் போகப் பழகிக்கொண்டாள். ஏன் என்று லூசியான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

அன்று மாலை சூப் கிண்ணத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு அவள் உட்காரவில்லை.

"ஓட்டுக்காட்டுல பிள்ளைங்கள எடுத்திருக்காங்க" என்றாள். "கூரை ஓட்டுல வெச்சு, மேல ஓட்டைக் கவுத்து, வீட்டுச் சுவத்தோட சேத்து வெச்சிருக்காங்க. நனையாம."

லூசியான் கரண்டியைக் கீழே வைத்தான்.

"ரோம் ராஜா காலத்துல, லூசியான். எழுதப் படிக்கத் தெரியாத மாட்டுக்காரங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்கு ஆஸ்பத்திரி இருந்துச்சு, கரண்டு இருந்துச்சு, வெள்ளைக் கோட்டு போட்டவங்க இருந்தாங்க. நம்ம பிள்ளை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அவன் சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"நான் போனேன்" என்றான்.

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. நீ மயக்கத்துல இருந்த. வீட்டுக்கு வந்து ஒரு பெட்டி அடிச்சேன். ஓக் பலகை, உங்கப்பா அலமாரிக்குன்னு வெச்சிருந்தது. உள்ள என் கம்பளிச் சட்டையப் போட்டேன். எடுத்துக்கிட்டு போய் வாசல்ல நின்னேன். எடுத்துட்டுப் போறேன், எங்க ஊரு கல்லறையில வெச்சிடறேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"இப்படி ஒண்ணு பிறந்ததாவே இங்க பதிவு இல்லன்னாங்க. பிறக்காதத எப்படிக் கொடுக்கறதுன்னு ஒருத்தன் சிரிச்சான். வீட்டுக்குப் போயி பொண்டாட்டியக் கவனின்னான்." லூசியானின் கை மேசைத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. "வந்து பெட்டிய உடைச்சு அடுப்புல போட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது."

அர்லெத் அப்போதுதான் உட்கார்ந்தாள். சூப் ஆறிப்போனது. அவன் மேல் கோபம் வரவில்லை. பெட்டியோடு வாசலில் நின்ற இருபத்தைந்து வயதுப் பையனைப் பார்த்துச் சிரித்த அந்த ஒருவனை, முகம் தெரியாத அவனை, அவளால் விட முடியவில்லை. அவன் இப்போதும் எங்கோ ஓய்வூதியத்தில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான்.

"எஸ்தெல்னு வெக்கலாம்னு இருந்தோம்" என்றான் லூசியான்.

"எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சியா."

மழையால் மூலையைத் தோண்ட முடியவில்லை. தண்ணீர் நின்றது. தெல்ஃபின் மாத முடிவு வரை நாள் கேட்டாள். சாலை ஒப்பந்தக்காரரின் ஆள் தெலாவோ என்பவர் வந்து பார்த்து, முணுமுணுத்து, சரி என்று வாயால் சொன்னார். அந்த மூலையைச் சுற்றி ஆரஞ்சு வலை கட்டினார்கள். வெள்ளி மாலை குழு வீட்டுக்குக் கிளம்பிப் போனது.

சனிக்கிழமை காலை, விடிந்தும் விடியாமலும், அர்லெத் கிடேரிகளுக்கு வைக்கோல் கொண்டு போனபோது இன்ஜின் சத்தம் கேட்டது. வலை சேற்றில் மிதிபட்டுக் கிடந்தது. புல்டோசர் ஒன்று மூலையின் வெளி விளிம்பை ஏற்கெனவே ஒரு முறை வழித்திருந்தது. சிவப்புத் துணுக்குகள் புது மண்ணில் கலந்து புரண்டிருந்தன.

அவள் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். ஓட்டுநர் பார்க்கவில்லை. வைக்கோலை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில் சேற்றில் ஓடினாள். கொட்டிலில் எருத் தெளிக்கும் வண்டி பூட்டியபடியே டிராக்டர் நின்றது, நிறைய எருவோடு. அதை எடுத்துக்கொண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்து, புல்டோசருக்கும் சுவருக்கும் நடுவே குறுக்காக நிறுத்தினாள். சாவியை உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புல்டோசரிலிருந்து ஜோவாக்கிம் என்ற போர்த்துக்கீசியர் இறங்கி வந்தார்.

"அம்மா, எனக்கு வழிக்கச் சொல்லியிருக்காங்க. காலியாயிடுச்சுன்னாங்க."

"யாரு சொன்னது?"

"மொசியே தெலாவோ."

"காலியாகல. கீழ பிள்ளைங்க படுத்திருக்கு. செத்துப் பிறந்த பிள்ளைங்க. நீ ஏற்கெனவே ஒண்ணு மேல போயிட்ட."

ஜோவாக்கிம் தன் இயந்திரத்தின் சக்கரப் பட்டையைத் திரும்பிப் பார்த்தார். முகம் மாறியது. ஏறிப் போய் இன்ஜினை அணைத்தார். பிறகு கீழே வந்து தொப்பியைக் கையில் பிடித்தபடி தள்ளி நின்றுகொண்டார். அவரைப் பற்றி அர்லெத் பிறகு யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை.

தெலாவோ அரைமணியில் வந்தார். ஊர்க் காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். லூசியானும் வந்து டிராக்டரின் பக்கத்தில் நின்றான். தெரு வீடுகளிலிருந்து சிலர் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"மதாம், இது இப்ப உங்க நிலம் இல்ல" என்றார் தெலாவோ.

"தெரியும். எடுத்துக்கிட்டது நீங்கதானே."

"வேலை நின்னா ஒரு நாளைக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா? தகவல் மாறிப்போச்சு, அவ்வளவுதான். யாரும் வேணும்னு பண்ணல."

"சனிக்கிழமை விடியறதுக்கு முன்னாடி, அவங்க ஊர்ல இல்லாதப்ப, வலையப் பிச்சுப் போட்டுட்டு தகவல் மாறிப்போச்சா?"

"எலும்பு மதாம். ரெண்டாயிரம் வருஷத்து எலும்பு. அதுக்கு அழ ஆளுகூட இல்ல."

அர்லெத் அவரிடம் ஓர் அடி நெருங்கினாள். "எத்தனை வருஷம் ஆனா பிள்ளை எலும்பாகும்னு நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும் போல. என் பிள்ளைக்கு முப்பது வருஷம் ஆச்சு. உங்கள மாதிரி ஒருத்தன் அதை ஒரே நாள்ல குப்பையாக்கிட்டான். இவங்க பெத்தவங்க ஓடு போட்டு மூடினாங்க. அதைக் கொஞ்சம் மரியாதையா எடுக்க உங்களுக்கு நாள் இல்ல. இதே இடத்துல ராஜாவோட வெள்ளிக் கிண்ணம் கிடைச்சிருந்தா சனிக்கிழமை மெஷின் விட்டிருப்பீங்களா?"

மூத்த காவலர் தொண்டையைச் செருமினார். "மதாம் மொரிசோ, டிராக்டரை எடுக்கச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு."

"எடுங்க. சாவி என் பையில இருக்கு. கையை விட்டு எடுத்துக்கோங்க."

அவர் எடுக்கவில்லை. சற்றுத் தள்ளிப் போய்த் தொலைபேசியில் வெகுநேரம் பேசினார். இங்கே இரண்டு தரப்பும் கண்ணியமாக இருக்கிறார்கள், ஆனால் டிராக்டர் பழுதாகி நிற்கிறது என்று அவர் சொன்னதை லூசியான் காதால் கேட்டான். மத்தியானம் தெல்ஃபின் ஏதோ தொலைவிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வழித்த மண்ணைப் பார்த்ததும் அவள் அழவில்லை, திட்டவுமில்லை. மண்டி போட்டுத் துணுக்குகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டே, "டிராக்டரை எடுத்துடாதீங்க" என்றாள்.

"எடுக்கறதா யாரு சொன்னா" என்றாள் அர்லெத்.

திங்கட்கிழமை தொல்பொருள் துறையிலிருந்து ஆள் வந்தது. மூலை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்றார்கள். மூலையில் இன்னும் இரண்டு குழந்தைகள் முழுதாகக் கிடைத்தன. மூன்றாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். அரை ஓடும் இரண்டு விரலெலும்பும்தான் மிச்சம். அர்லெத் தினமும் வந்து நின்றாள். அந்த அரை ஓட்டை அவர்கள் மற்றவை போலவே பொதிந்து, எண் போட்டு, பெட்டியில் வைத்தார்கள்.

"இதுங்க எங்க போகும்?"

"பட்டணத்துல ஒரு கிடங்கு இருக்கு. அலமாரியில வெச்சுக் காப்பாத்துவாங்க. யாரு வந்து கேட்டாலும் காட்டுவாங்க."

"அட்டைப்பெட்டியில."

"ஆமா" என்றாள் தெல்ஃபின். "எனக்கும் பிடிக்கல."

தெலாவோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. தகவல் மாறிப்போனதாகவே முடித்துவிட்டார்கள். அர்லெத்துக்குத்தான் பொது வேலையைத் தடுத்ததற்காக எச்சரிக்கை வந்தது. அதை அவள் அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்தினாள்.

இரண்டு வருடம் கழித்துச் சாலை திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், எல்லோருக்கும் ஒயினும் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட உருண்டைகளும் கொடுத்தார்கள். ஓட்டுக்காட்டின் மேல் வந்த வட்டச் சந்திப்பின் நடுவே மேயர் மொன்னரே நான்கு தூண்கள் நட்டிருந்தார். சிமென்டில் வார்த்து வெள்ளையடித்த ரோமானியத் தூண்கள். ஒன்று பாதியில் உடைந்தது போலவே செய்திருந்தார்கள், பழமையாகத் தெரிய வேண்டுமாம். கீழே பலகை: 'பிரிசேயின் ரோமானிய மாளிகை'.

அர்லெத் விழாவுக்குப் போகவில்லை. மறுநாள் மேயர் அலுவலகத்துக்குப் போனாள். லூசியானும் கூட வந்தான். மூச்சில்லாமல் பிறந்த குழந்தையின் பெயரையும் குடும்பப் பதிவில் எழுதலாம் என்று சட்டம் மாறியிருப்பது அவளுக்குத் தெல்ஃபின் சொல்லித் தெரிந்திருந்தது.

மொன்னரே அவளை உட்கார வைத்தார். பொறுமையாகக் கேட்டார். உண்மையாகவே சங்கடப்பட்டார்.

"ஆஸ்பத்திரி சான்று வேணும் அர்லெத். அது இருந்தா இப்பவே எழுதறேன்."

"கேட்டேன். அந்தக் காலத்துத் தாள் எதுவும் இல்லையாம்."

"அப்ப என் கை கட்டியிருக்கு. நடந்ததுக்கு ஆதாரம் இல்லாம நான் எப்படி எழுதறது? அது பதிவேடு. விளையாட்டு இல்ல."

"எர்வே, அங்க மாளிகையே இருந்ததில்ல. தெல்ஃபின் உன்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொன்னா. நீ நாலு தூண் நட்டுப் பலகையும் எழுதிட்ட. இல்லாத மாளிகைய எழுத உனக்கு ஆதாரம் வேண்டியிருக்கல. என் வயித்துல இருந்து வந்ததுக்கு வேணும்."

"ரெண்டும் ஒண்ணா? அது சுற்றுலாவுக்காக..."

"அங்க நிஜமா இருந்தவங்க பேரு ஒண்ணாவது அந்தப் பலகையில இருக்கா? அந்த ஏழு பிள்ளைங்களப் பத்தி ஒரு வரி?"

"வண்டியில போறவங்க அதைப் படிச்சா மனசு கஷ்டப்படும், அர்லெத்."

அவள் எழுந்துவிட்டாள். லூசியான் கதவைத் திறந்துவிட்டான். வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் அவன், "சோலியூவுல கல்தச்சரு ஒருத்தரு இருக்காரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் அந்தப் பக்கம் திருப்பினான்.

கல்தச்சர் வந்து, அர்லெத்தின் அப்பா அம்மா படுத்திருக்கும் கல்லறையின் கல்லில், அவர்கள் பெயர்களுக்குக் கீழே, எஸ்தெல் மொரிசோ என்று செதுக்கினார். வருடம் ஒன்றுதான், பிறப்புக்கும் இறப்புக்கும் சேர்த்து. கீழே எதுவும் புதைக்கவில்லை, புதைக்க எதுவும் இல்லை. செதுக்கி முடிக்கும்போதே யாரோ சொல்லிவிட்டிருக்க வேண்டும். மொன்னரே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"கல்லறையில எது செதுக்கணும்னாலும் மேயர் அனுமதி வேணும். உங்களுக்குத் தெரியும்."

அர்லெத் வாயைத் திறப்பதற்குள் லூசியான் பேசினான். ஊரில் யாரும் அவன் நாலு வார்த்தை சேர்த்துப் பேசிக் கேட்டதில்லை.

"கல்தச்சரோட உளி இங்கதான் இருக்கு, மொசியே. பிடிக்கலன்னா நீங்களே எடுத்துச் சுரண்டிடுங்க. நாங்க தடுக்க மாட்டோம். நின்னு பாத்துக்கிட்டிருப்போம்."

மொன்னரே கல்லைப் பார்த்தார், உளியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். திரும்பிப் போய்விட்டார். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் எழுதவும் இல்லை, கேட்கவும் இல்லை. அடுத்த தேர்தலில் மறுபடியும் ஜெயித்தார்.

அந்த நவம்பர், கல்லறைத் திருநாளன்று, ஊரே செவ்வந்திப் பூத்தொட்டிகளோடு வந்திருந்தது. புதிதாகச் செதுக்கிய எழுத்து வெளுப்பாகத் தெரிந்ததால் போகிறவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். சிலர் அர்லெத்தின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். ரொட்டிக்கடையை விட்டு ஓய்ந்த பொலேத் காரோ என்ற எண்பது வயதுப் பெண்மணி மட்டும் நகராமல் நின்றாள். ஊன்றுகோலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"செதுக்கினவரு பேரு என்ன?" என்று கேட்டாள்.

"சோலியூக்காரரு. ஏன் கேக்கறீங்க?"

"எனக்கும் ஒண்ணு உண்டு. பையன். அதே ஆஸ்பத்திரிதான்." பொலேத் குனிந்து மறுபடி அந்த எழுத்தைப் படித்தாள். "கேட்டா ஏதாவது சொல்லுவாங்களோன்னு நான் இத்தனை வருஷம் வாயே தெறக்கல."

அர்லெத் அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு என்ன சொல்லுவா?" என்றாள். "வாங்க, இப்பவே போகலாம். லூசியான், வண்டிய எடு."